உயிரணுவின் அடிச்சுவடு

மாலைப்பொழுதில் ஆவடி ரயில்வண்டி அம்பத்தூர் நிலையத்தில் வந்து நிற்குங்கால், இறங்குவோரும் ஏறுவோரும் நெருங்கிக் கலத்தலை யாம் நாடோறும் காண்கின்றோம். உயரமானதோர் இடத்தில் நின்று நிமிடத்திற்கு ஒன்றாகப் புகைப்படம் எடுத்து, வெள்ளைச் சட்டையணிந்தார் ஒருவரைப் படந்தோறும் தேடுவோமாயின், மூன்றாம் படத்திலேயே ஐயுறுவோம். அவரையொத்தார் பலர் உளராதலின்.

நுண்ணோக்கியில் உயிரணுக்களை ஆராய்வோர்க்கும் இவ்விடர்ப்பாடே நேர்கின்றது. அணுக்கள் ஒன்றையொன்று ஒப்பன, ஊர்ந்து செல்வன, உருமாறுவன. அன்றியும், பயணி ஒருவர் இருவராதல் இல்லை. அணுவோ பிரிந்து இரண்டாகின்றது.

முன்னாளில் இப்பணி கண்ணாலேயே செய்யப்பெற்றது. ஆங்கில அறிஞர் ஜான் சல்ஸ்டன் என்பார், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமே வளரும் புழுவொன்றின் கருவில் அணுக்கள் பிரியுமாற்றைப் பொறுமையுடன் நோக்கி, அவற்றின் வமிசாவளியை உடனுழைத்தாரோடு 1983இல் வெளியிட்டார். 2002இல் நோபல் பரிசு பெற்றவருள் இவரும் ஒருவர்.

இக்காலத்தே அத்தொண்டினைக் கணிப்பொறி ஏற்றுள்ளது. அதன் வேலை இருவகைத்து. முதலாவது, ஒவ்வொரு படத்திலும் அணுவின் எல்லையை வரையறுத்தல். இரண்டாவது, ஒரு படத்து அணு அடுத்த படத்தில் எதுவென இணைத்தல். அண்மை, பருமன், வடிவு, செல்லுந்திசை ஆகியவற்றைச் சீர்தூக்கி, அணுக்கள் அனைத்திற்கும் ஒருசேரப் பொருந்தும் இணைப்பைப் பொறி தேர்கின்றது.

நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பத்ரிநாத் ராய்சம், அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் உழைத்துவருபவர். அவரும் துணைவரும் 2015இல் வெளியிட்ட முறையில், நோயெதிர்க்கும் டி அணுக்களும் புற்றணுக்களும் மிக நுண்ணிய குழிகளுள் இடப்படுகின்றன. எவ்வணு எதனைத் தீண்டியது, எப்பொழுது கொன்றது என்பவற்றைப் பொறியே கணிக்கின்றது.

இங்கு ஒரு பிழை சிறிதன்று. இரண்டு அணுக்களின் அடையாளம் மாறுமாயின், பகையைக் கொன்ற அணுவின் புகழ் வாளாகிடந்த அணுவைச் சாரும். அதனை நம்பிய மருத்துவ ஆராய்ச்சியும் வழிதவறும். படங்களை அடுத்தடுத்து எடுப்பின் பிழை குறையும். எனினும், மிகுந்த ஒளி அணுக்களுக்கே ஊறு செய்யும். ஆதலின் அளவறிந்து படமெடுத்தலும், பொறி இணைத்ததை மாந்தர் கண்கொண்டு சரிபார்த்தலும் இன்றியமையாதன.

தமிழ் பயிலும் நமக்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பதிப்பித்ததும் இத்தகைய விழிப்பினாலன்றோ? ஓரடி இடம்மாறின் ஒருவர் பாட்டு மற்றொருவர்க்கு உரியதாகும். ஏட்டிலாயினும் அணுவிலாயினும், முன்னதும் பின்னதும் ஒன்றே எனத் துணியுமுன் மறுமுறை நோக்குதலே அறிவுடைமை.