கண் சொல்லும் சிறுநீரகச் செய்தி



"கண்ணாடி மாற்றத்தானே வந்தேன் டாக்டர், யூரின் டெஸ்ட் எதற்கு?" சர்க்கரை வியாதியுள்ளவர்கள் எங்கள் கண் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

விழித்திரையிலும் சிறுநீரக வடிகட்டிகளிலும் மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் உள்ளன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் இரண்டு இடத்துக் குழாய்களும் பழுதாகின்றன. கண்ணில் இரத்தமும் நீரும் கசிகின்றன. சிறுநீரகத்திலோ ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது. ஆரம்பத்தில் வலி இல்லை. பார்வையும் தெளிவாகவே இருக்கும்.

உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் விழித்திரை. அங்கே சேதம் கண்டால் சிறுநீரகத்தையும் சோதிக்கிறோம். கண் நன்றாயிருந்தும் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். ஆகவே சொட்டு மருந்திட்டுச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின் ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் அவசியம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், இன்சுலினால் சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு இவ்விரு கேடுகளும் குறைந்தன. இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டும்.

தாமதித்தால் பார்வை போகலாம், டயாலிசிஸும் தேவைப்படலாம். கூலி வேலை செய்யும் குடும்பம் அதைத் தாங்காது. ஏழைகளுக்கு இச்சோதனைகளை இலவசமாகச் செய்ய உங்கள் காணிக்கை உதவுகிறது. உங்கள் வீட்டிலும் சர்க்கரை வியாதியுள்ளவர் இருந்தால் இம்மாதமே அழைத்துச் செல்லுங்கள். எங்களுக்காக ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
கண் பிரிவு மருத்துவர்