வெயிலில் வைத்த டார்ச் செல்

எவரெடி ஆலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்ததாலோ என்னவோ, நம் பகுதியில் தீர்ந்த செல்லுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எம்.கே.பி. நகரில் எங்கள் அம்மாவின் வைத்தியம்: "மொட்டை மாடி வெயில்ல வைடா, திரும்ப எரியும்." அதைச் சோதித்துப் பார்த்தேன்.

எங்கள் டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் துத்தநாக-கார்பன் பென்சில் செல்கள் நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 10 ஓம் மின்தடை இணைத்து, 0.9 வோல்ட்டுக்கு இறங்கியதும் 'தீர்ந்தது' என்று குறித்தேன். முதலில் மின்தடையை எடுத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்து ஏமாந்தேன். தீர்ந்த செல்லும் 1.3 காட்டியது! லோடு போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

தீர்ந்தவற்றில் இரண்டை மூன்று மணி நேரம் வெயிலிலும், மற்ற இரண்டை வீட்டுக்குள் நிழலிலும் வைத்தேன். மறுபடி இணைத்ததில் வெயில் செல்கள் 34, 31 நிமிடம் ஓடின. நிழல் செல்கள் 27, 29.

ஆக, உயிர் கொடுத்தது பெரும்பாலும் ஓய்வுதான். செல் ஓடும்போது மாங்கனீசு டை ஆக்சைடு கலவையில் வினைப்பொருள்கள் தேங்கி மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. நிறுத்தினால் மெல்லப் பரவி விலகுகின்றன. சூடு அதைச் சற்று விரைவாக்கும், அவ்வளவே. கரைந்துபோன துத்தநாகம் திரும்பாது. மெலிந்த கூடு சூட்டில் ஒழுகவும் கூடும். எங்கள் பழைய டார்ச்சின் ஸ்பிரிங் அப்படித்தான் அரித்துப் போயிற்று.

அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். "நாலு நிமிஷம் கூட எரிஞ்சுதா இல்லியா?" என்றார்.