பிரீமெட் படிக்கப் பெரிய பெயரா, சொந்த மாநிலமா? ஏப்ரலில் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைக்கு மார்ச் கடைசியில் இரண்டு நல்ல செய்திகள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, உலகமே பெயர் அறிந்த தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து. மற்றொன்று, நாம் குடியிருக்கும் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து. பிள்ளைக்கு டாக்டராக வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-க்குள் பதில் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். இடையில் இருப்பது ஒரே மாதம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாகச் சேர்ந்தே பார்ப்போம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரி எடைபோடுவது மாணவரைத்தான். இளங்கலை படித்த இடத்தின் புகழுக்கு அதில் சிறிய பங்கே உண்டு. ஆகவே நாம் தேட வேண்டியது, பிள்ளை நல்ல மதிப்பெண் எடுக்கக்கூடிய, கடன் குறைவாக விழும் இடம்.

பிரீமெட் என்றால் என்ன?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேரே எம்.பி.பி.எஸ். சேருகிறோம். அமெரிக்காவில் பாதை நீளம். முதலில் நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம், பிறகு நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு, அதன்பின் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டு வரை ரெசிடென்சி என்னும் சம்பளத்தோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி.

பிரீமெட் என்பது பொதுவாகத் தனிப் பட்டம் அல்ல. இளங்கலைக் காலத்தில் முடிக்க வேண்டிய பாடங்களின் தொகுப்பு. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம் படிக்க வேண்டும். உயிர்வேதியியல், புள்ளியியல், ஆங்கிலம் போன்றவையும் பல இடங்களில் தேவை. இவற்றை முடித்துவிட்டால் வரலாறோ இசையோ எந்தத் துறையில் பட்டம் பெற்றாலும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். இந்தப் பாடங்கள் இரண்டு வகைக் கல்லூரிகளிலும் இருக்கின்றன.

மருத்துவக் கல்லூரி எதைப் பார்க்கிறது?

முதலாவது ஜி.பி.ஏ. ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பு, ஒட்டுமொத்த ஜி.பி.ஏ.வையும் அறிவியல் பாடங்களின் ஜி.பி.ஏ.வையும் தனித்தனியே கணக்கிடுகிறது. ஒரு பாடத்தைத் திரும்ப எழுதினாலும் பழைய மதிப்பெண் கணக்கில் நிற்கும். எம்.டி. என்னும் அந்த நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பில் சேருவோரின் சராசரி ஜி.பி.ஏ. 3.8-ஐ ஒட்டி இருக்கிறது.

இரண்டாவது எம்கேட் தேர்வு. மதிப்பெண் 472-லிருந்து 528 வரை. சேருவோரின் சராசரி 512-ஐ ஒட்டி இருக்கிறது.

மூன்றாவது அனுபவம். மருத்துவமனையில் தன்னார்வப் பணி, டாக்டரோடு உடனிருந்து பார்த்தல், ஆய்வு, சமூக சேவை, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

சில தனியார் மருத்துவக் கல்லூரிகள் இளங்கலைக் கல்லூரியின் பெயரையும் கவனிக்கின்றன. ஆனால் 3.4 ஜி.பி.ஏ.வை அந்தப் பெயர் தூக்கி நிறுத்தாது. ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் எம்.டி.க்கு விண்ணப்பித்து, ஏறத்தாழ 23,000 பேர் சேருகிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த ஆண்டு இடமில்லை.

படி 1: உண்மையான செலவு எவ்வளவு?

இணையத்தில் காட்டும் கட்டணத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். கல்லூரி அனுப்பிய நிதியுதவிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்வோம். கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், பயணம் எல்லாவற்றையும் கூட்டுவோம். அதில் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையை மட்டும் கழிப்போம். கடிதத்தில் கடனும் உதவி என்ற தலைப்பின் கீழேயே வரும். அதைக் கழிக்கக் கூடாது.

பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை இல்லாத மொத்தச் செலவு இன்று ஆண்டுக்கு 90,000 டாலரைத் தொடுகிறது. ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே தருகின்றன. ஹார்வர்டில் 2025-26 முதல், வழக்கமான சொத்துள்ள, 2,00,000 டாலர் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வருமானம் 1,00,000 டாலர் வரை என்றால் விடுதி, சாப்பாடும் இலவசம். அத்தகைய குடும்பத்துக்குத் தனியார் கல்லூரியே மலிவாக அமையலாம்.

கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருக்கும் வீடுகளுக்கு இந்த உதவி பெரும்பாலும் கிடைக்காது. முழுத்தொகையும் நம் கையிலிருந்துதான் போகும்.

படி 2: எட்டு ஆண்டுக் கணக்கு

நான்கு ஆண்டோடு கணக்கை நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. நாம் எட்டு ஆண்டுக்கும் போடுவோம்.

தனியாரில் ஆண்டுக்கு 90,000 என்றால் நான்கு ஆண்டுக்கு 3,60,000 டாலர். சொந்த மாநிலத்தில் விடுதியோடு ஆண்டுக்கு 32,000 என்று வைத்தால் 1,28,000 டாலர். வித்தியாசம் 2,32,000.

அடுத்து மருத்துவம். நான்கு ஆண்டு மொத்தச் செலவு அரசு மருத்துவக் கல்லூரியில் சுமார் 2,85,000 டாலர். தனியாரில் சுமார் 3,90,000. இளங்கலையில் மிச்சமாகும் தொகை, அரசு மருத்துவக் கல்லூரிச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். 529 என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கில் சேர்த்த பணம் மீந்தால் அதை மருத்துவப் படிப்புக்கும் பயன்படுத்தலாம்.

விண்ணப்பச் செலவையும் மறக்க வேண்டாம். எம்கேட் கட்டணம் சுமார் 350 டாலர். ஆம்காஸில் முதல் கல்லூரிக்குச் சுமார் 175, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 50-ஐ ஒட்டி. இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகள் 100 டாலர் அளவில் கேட்கும். இருபது கல்லூரிகளுக்குப் போட்டால் 3,000 டாலர் ஆகிவிடும்.

படி 3: புதிய கடன் வரம்பைத் தெரிந்துகொள்வோம்

மருத்துவ மாணவர்கள் முழுச் செலவுக்கும் மத்திய அரசிடம் கடன் வாங்க வழிசெய்த கிராட் பிளஸ் திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை. மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான் அரசுக் கடன். மீதியைக் கைப்பணத்திலோ தனியார் கடனிலோ கட்ட வேண்டும். பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது.

இளங்கலையிலேயே சேமிப்பைக் கரைத்துவிட்டு, மருத்துவப் படிப்புக்குக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற பழைய வழி இனி குறுகலானது.

படி 4: வளாகத்தில் என்ன கேட்பது?

ஏப்ரலில் இரண்டு வளாகங்களுக்கும் போய்வருவோம். கட்டடங்களைப் பார்த்து முடித்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்போம்.

- முதலாண்டு வேதியியல் வகுப்பில் எத்தனை பேர்? தனிப்பயிற்சி உதவி இலவசமா?
- கரிம வேதியியலில் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது?
- எந்த ஆண்டிலிருந்து ஆய்வகத்தில் சேரலாம்?
- மருத்துவமனை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா?
- பிரீமெட் ஆலோசகர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்?

நான்காவது கேள்வியில் பெரிய பெயர் எப்போதும் ஜெயிப்பதில்லை. பிரின்ஸ்டனில் மருத்துவக் கல்லூரியே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகத்திலும் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லிலும் பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் காலேஜில் இடம் கிடைத்திருந்தால் அதைத் தனியே எடைபோடுவோம். சிறிய வகுப்புகள், பாடங்களுக்கு முன்னதாகவே பதிவு செய்யும் வசதி என்று பல நன்மைகள் அரசுக் கட்டணத்திலேயே கிடைக்கும்.

படி 5: மாநிலம் தரும் சாதகம்

அரசு மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் சொந்த மாநிலத்தவருக்கு முன்னுரிமை தருகின்றன. டெக்சாஸில் அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் குறைந்தது 90 சதவீதம் அந்த மாநிலத்தவருக்கே. அங்கு விண்ணப்ப அமைப்பும் தனி.

இளங்கலைக்கு வெளி மாநிலம் போனால் இந்த உரிமை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்குப் பெற்றோர் வசிக்கும் மாநிலமே பொதுவாகச் சொந்த மாநிலமாகக் கருதப்படும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் நம் மாநில விதியை ஒருமுறை படித்துவிடுவோம்.

விசாவில் இருக்கும் குடும்பங்கள் கவனிக்க

எச்-1பி விசாவில் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் எச்-4 விசாவில் இருக்கிறார்கள். 21 வயதில் அது முடிந்துவிடும். பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பல அரசு மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் சில, நான்கு ஆண்டுக் கட்டணத்துக்கும் முன்கூட்டியே ஆதாரம் கேட்கும். மத்திய அரசுக் கடனும் கிடையாது.

இந்த நிலையில் உள்ள வீட்டுக்குக் கையிருப்பே பெரிய பலம். குடிவரவு வழக்கறிஞரிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது.

தனியாரைத் தேர்ந்தெடுப்பது எப்போது சரி?

உதவித்தொகை போக இரண்டு செலவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் தயங்க வேண்டாம். எட்டு ஆண்டுக்கும் கடனில்லாமல் கட்டும் வசதி இருந்தாலும் சரிதான். பிள்ளைக்குச் சிறிய வகுப்பும் நெருங்கிய வழிகாட்டலும் இருந்தால்தான் படிப்பு வரும் என்றால் அதற்கும் விலையுண்டு.

மருத்துவத்தில் உறுதி இல்லாத பிள்ளையா? பிரீமெட் தொடங்கி வேறு துறைக்குப் போகிறவர்கள் ஏராளம். நிதி, கன்சல்டிங் போன்ற துறைகளில் வேலைக்கு எடுப்பவர்கள் கல்லூரிப் பெயரைக் கூடுதலாகப் பார்க்கிறார்கள். அதையும் கணக்கில் சேர்ப்போம்.

எச்சரிக்கை

எங்கள் மாணவரில் 90 சதவீதம் பேருக்கு மருத்துவ இடம் என்று ஒரு கல்லூரி சொன்னால், யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்று கேட்போம். மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கல்லூரியின் சார்பில் எழுதும் குழுப் பரிந்துரைக் கடிதத்தைத் தர மறுக்கும் கல்லூரிகளும் உண்டு. அவர்கள் விண்ணப்பிக்காமலே ஒதுங்கினால் சதவீதம் தானாக உயரும்.

பள்ளியில் எழுதிய ஏ.பி. தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி அறிவியல் பாடங்களைத் தாண்டிக் குதிக்கும் முன், மருத்துவக் கல்லூரிகளின் விதியைப் பார்ப்போம். சில கல்லூரிகள் அதை ஏற்பதில்லை.

வீட்டை அடமானம் வைத்தோ ஓய்வூதியச் சேமிப்பை எடுத்தோ இளங்கலைக் கட்டணம் கட்ட வேண்டாம். ரெசிடென்சியின் முதலாண்டுச் சம்பளம் 65,000 முதல் 70,000 டாலர் அளவில்தான். கடனைத் திருப்பிக் கட்ட நீண்ட காலம் ஆகும்.

ஏப்ரல் மாதத் திட்டம்

1. முதல் வாரம்: இரண்டு நிதியுதவிக் கடிதங்களையும் பக்கத்தில் வைத்து எட்டு ஆண்டுக் கணக்குப் போடுவோம்.
2. இரண்டாம் வாரம்: தனியார் கல்லூரிக்கு நிதியுதவியைக் கூட்டச் சொல்லி மேல்முறையீடு செய்வோம். வேலை இழப்பு, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் எதுவானாலும் ஆதாரத்தோடு எழுதலாம். எல்லாவற்றையும் ஏற்பார்கள் என்றில்லை, கேட்பதில் நஷ்டமில்லை.
3. மூன்றாம் வாரம்: வளாகங்களுக்குப் போய், அங்கே பிரீமெட் படிக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுவோம்.
4. நான்காம் வாரம்: வீட்டில் உட்கார்ந்து பிள்ளையின் விருப்பத்தை முழுதாகக் கேட்டு முடிவெடுப்போம்.

கணக்கைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். பதினெட்டு வயதில் இரண்டு லட்சம் டாலரின் பொருள் நன்றாகவே புரியும். சொந்த மாநிலத்தில் படித்து, நல்ல ஜி.பி.ஏ.வோடும் கடனில்லாமலும் பட்டம் பெற்று மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர் எந்த வகையிலும் குறைந்தவர் அல்ல. அந்த முடிவை எடுத்தால், சொந்தக்காரர்கள் கேட்கும்போது தயங்காமல் பெருமையாகவே கல்லூரியின் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.