ஓடுற வண்டியில குதிரை எப்படி இருக்கு? கேமரா வழியே கவனிக்க ஒரு செயல்பாடம்

ஆடி மாசம் பிறந்துட்டா ஈரோடு மாவட்டம் அந்தியூருக்குப் போகும் சாலைகளில் குதிரை ஏற்றிய வண்டிகளைப் பார்க்கலாம். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குப் பல ஊர்களில் இருந்தும் வருகிறார்கள். சின்ன பிக்கப்பில் ஒரே குதிரையோடு வருபவரும் உண்டு, லாரியில் மூன்று நான்கு குதிரைகளோடு வருபவரும் உண்டு.

நீங்களும் அப்படி ஒரு வண்டியில் முன்சீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "தடார்" என்று ஒரு சத்தம். குதிரை உதைத்ததா, கால் வழுக்கி விழுந்ததா, இல்ல பள்ளத்தில் பலகை ஆடிய சத்தம்தானா? தெரியாது. வண்டியை ஓரம் கட்ட இடம் தேடி, இறங்கி, தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பதற்குள் அஞ்சு பத்து நிமிஷம் போயிடும். கயிறு கழுத்தை இறுக்கிக்கொண்டு கிடக்கும் குதிரைக்கு அந்தப் பத்து நிமிஷம் ரொம்ப அதிகம்.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் கேமரா. பெரிய செலவு வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த யாரும் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கேமராவுக்கு முன்னால் வண்டி

குதிரையை ஏற்றிச் செல்லும் முறை சரியில்லை என்றால், கேமரா அந்தத் தப்பைப் படம் பிடிக்குமே தவிர, திருத்தாது. எனவே விதிகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு மத்திய விதிகள் குதிரைக்குத் தனியாகவே சில நிபந்தனைகளைச் சொல்கின்றன.

• பயணம் செய்யும் உடல்தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று கையில் இருக்க வேண்டும்.
• சாதாரண சரக்கு வண்டி என்றால் தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். பக்கத் தடுப்பு தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்ட வேண்டும்.
• ஒரு குதிரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது 8 செ.மீ. கனமுள்ள மூங்கில் கட்ட வேண்டும். பின்பக்கம் இரண்டு உறுதியான குறுக்குக் கட்டைகள் வேண்டும்.
• குதிரையின் தலை, எதிரே வரும் வண்டிகளுக்கு மறுபுறமாக, அதாவது இடப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.
• வண்டிக்கு ஒரு உதவியாள் கட்டாயம்.
• வேகம் மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் கூடாது.

இடத்துக்கும் கணக்கு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 125-இ படி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் வேண்டும். நம்ம கணக்கில் சுமார் 24 சதுர அடி. 9 அடி நீளம், 5.5 அடி அகலம் உள்ள பிக்கப்பில் 49.5 சதுர அடி கிடைக்கும். இரண்டு குதிரைக்கு மட்டுமே இடம். 14 அடிக்கு 6.5 அடி லாரி என்றால் 91 சதுர அடி, மூன்று குதிரை. "நாலாவதையும் எப்படியாவது ஏத்திடலாம்"னு யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். 200 கி.மீ. தூரத்தை 35 கி.மீ. வேகத்தில் கடக்க, நிற்காமல் போனாலே கிட்டத்தட்ட 6 மணி நேரம். நடுவே தண்ணீர் காட்ட நிறுத்தும் நேரத்தையும் சேர்த்துத்தான் புறப்படும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

படி 2: எந்தக் கேமரா நமக்கு ஒத்து வரும்?

சந்தையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

வயர் இணைப்புள்ள கேமரா: லாரிகளில் ரிவர்ஸ் எடுக்கப் பொருத்தும் அதே வகைதான். கேபினில் சின்னத் திரை இருக்கும். படம் தாமதம் இல்லாமல் வரும், சிக்னல் பிரச்சினை கிடையாது. அடிக்கடி குதிரை ஏற்றுபவர்களுக்கு இதுதான் நம்பகமானது. வாங்கும்போது உங்கள் வண்டியின் மின்சாரம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிக்கப்கள் பெரும்பாலும் 12, பெரிய லாரிகள் பெரும்பாலும் 24.

வயர் இல்லாத கேமரா, தனித் திரையோடு: வயர் இழுக்கும் வேலை மிச்சம். ஆனால் இரும்புத் தகடு சிக்னலைத் தடுக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் திறந்தவெளிக் கணக்கு என்பதை மறக்காதீர்கள்.

வைஃபை கேமரா: கேமராவே ஒரு வைஃபை இணைப்பை உருவாக்கும்; போனில் செயலி வழியாகப் பார்க்கலாம். இணையம் தேவையில்லை. ஒரு சிக்கல் என்னன்னா, போன் அந்த வைஃபையில் சேர்ந்ததும் சில போன்களில் மொபைல் டேட்டா நின்றுவிடும். வரைபடம் பாதி வழியில் உறைந்து நிற்கும். அதனால் கேமராவுக்கு ஒரு போன், வழி பார்க்க ஒரு போன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சிம் போடும் 4ஜி கேமரா: வீட்டில் இருக்கும் உரிமையாளரும் பார்க்கலாம் என்பது இதன் வசதி. ஆனால் படம் சில விநாடிகள் தாமதமாக வரலாம். மலைப்பாதையில் டவர் போனால் படமும் போகும். எங்கே குதிரைக்கு ஆபத்து அதிகமோ, அங்கேயே இது கைவிடக்கூடும். கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எந்த வகையாக இருந்தாலும் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: இருட்டில் படம் தரும் அகச்சிவப்பு விளக்கு, 120 பாகைக்குக் குறையாத அகலப் பார்வை, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 67 தரம். போனில் பார்க்கும் கேமராவாக இருந்தால் கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

படி 3: எங்கே பொருத்துவது?

குதிரைக்கு நீளமான கழுத்து, ஆர்வமும் ஜாஸ்தி. எட்டினால் கடித்துப் பார்க்கும். ஆகவே கேமரா அதன் வாய்க்கும் தலைக்கும் எட்டாத உயரத்தில், முன்பக்க மேல் மூலையில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்கட்டும். தலை, முதுகு, நான்கு கால் குளம்புகள் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். முகம் மட்டும் அழகாகத் தெரிவதில் பயன் இல்லை, சறுக்குவது கால்தானே!

திறந்த பின்பக்கத்தை நேராகப் பார்க்கும்படி வைத்தால் வெளி வெளிச்சத்தில் குதிரை கறுப்பு நிழலாகத் தெரியும். கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். வயரைக் குழாய்க்குள் விட்டு, பக்கச் சட்டத்தின் வெளிப்புறமாகக் கொண்டுவாருங்கள். கூரான கிளாம்ப், துருத்திய ஸ்க்ரூ எதுவும் உள்பக்கம் இருக்கக் கூடாது.

ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் இழுத்துச் செல்லும் குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது பாதுகாப்பல்ல. அங்கே கேமராதான் உங்கள் ஒரே கண். வண்டியும் டிரெய்லரும் சேரும் கொக்கி அருகே வயரைக் கழற்றி மாட்டும் இணைப்பாகப் போடுங்கள். வளைவில் திரும்பும்போது அறுந்துபோகாதபடி வயரில் கொஞ்சம் தளர்வும் விடுங்கள்.

படி 4: திரையைப் பார்ப்பது யார்?

பலர் தவறு செய்யும் இடம் இது. திரையைப் பார்ப்பது உதவியாளின் வேலை, ஓட்டுநரின் வேலை அல்ல.

35 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 10 மீட்டர் நகரும். ஓட்டுநர் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 20 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். குறுக்கே ஒரு பைக் வந்து திடீர் பிரேக் போட்டால், முதலில் விழுவது பின்னால் நிற்கும் குதிரை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டுமே, அதுவும் கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம் என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது. கையில் போன் பிடித்து ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவின் கீழ் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

உதவியாள் விடாமல் திரையையே முறைத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு பிரேக், வேகத்தடை, வளைவுக்குப் பின்னும் ஒரு பார்வை. அது போதும்.

படி 5: திரையில் எதைப் பார்ப்பது?

பயணம் தொடங்கிய முதல் அரை மணி நேரம் குதிரை கொஞ்சம் அலைபாயும். காதை முன்னும் பின்னும் திருப்பும், சாணம் போடும். பிறகு கால்களை அகட்டி வைத்து, தலையைத் தளர்த்தி நிற்கப் பழகிவிடும். இந்த "அமைதி நிலை" உங்கள் குதிரைக்கு எப்படி இருக்கும் என்று முதலில் மனதில் பதிய வையுங்கள். அதிலிருந்து மாறும்போதுதான் கவனிக்க வேண்டும்.

அடுத்து வரும் நல்ல இடத்தில் நிறுத்த வேண்டியவை: உடம்பு முழுக்க வியர்வை, தொடர்ந்து முன்காலால் தரையைத் தட்டுவது, ஓயாமல் தலையை ஆட்டுவது, திரும்பத் திரும்ப இருமல், கால் விரிப்பு ஒதுங்கி வெறும் தகடு தெரிவது.

உடனே ஓரம் கட்ட வேண்டியவை: கால் மாட்டிக்கொள்வது, கயிறு தாண்டிக் கால் போவது, படுக்க முயல்வது, அடிக்கடி வயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்ப்பது. கடைசி இரண்டும் வயிற்று வலியின் அறிகுறியாக இருக்கலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்று உபாதை சீக்கிரமே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

கேமராவில் தெரியாத ஒன்றும் உண்டு. தலையை உயர்த்திக் கட்டியே நெடுநேரம் போனால், மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் குதிரையால் வெளியேற்ற முடியாது. நுரையீரல் நோய் வர இது ஒரு காரணம். எனவே படம் நல்லாத்தான் தெரியுதுன்னு ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்த விடுங்கள்.

இன்னொரு பயனும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பதிவான வீடியோவை ஓட்டுநரோடு உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பிரேக்கில் குதிரை முன்னால் தள்ளாடியது, எந்த வளைவில் பக்கவாட்டில் சாய்ந்தது என்று தெரியும். அடுத்த பயணத்தில் அவர் கால் தானாகவே மெதுவாகப் பிரேக்கில் இறங்கும்.

படி 6: குதிரை விழுந்துவிட்டால்?

1. திடீர் பிரேக் வேண்டாம். மெதுவாக வேகம் குறைத்து, அகலமான ஓரத்தில் நிறுத்தி, நான்கு பக்க எச்சரிக்கை விளக்கையும் போடுங்கள்.

2. சாலையோரத்தில் பின்கதவைத் திறக்காதீர்கள். பயந்த குதிரை சாலைக்கு ஓடினால் அதற்கும் ஆபத்து, வருகிறவர்களுக்கும் ஆபத்து.

3. விழுந்த குதிரையின் பக்கத்தில் உள்ளே ஏறாதீர்கள். எழ முயலும்போது உதைக்கும். ஆசையாக வளர்த்தவர் என்று அந்த நேரத்தில் அதற்குத் தெரியாது.

4. கழுத்துக் கயிறு இறுகியிருந்தால் வெளியில் நின்றபடியே அவிழுங்கள். இழுத்ததும் அவிழும் சுருக்கு முடிச்சுதான் போட வேண்டும் என்பது இதற்காகத்தான். அவிழாவிட்டால் வெட்ட, கேபினில் ஒரு கத்தி இருக்கட்டும்.

5. கால்நடை அவசர மருத்துவ உதவிக்கு 1962. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. மனித உயிருக்கும் ஆபத்து என்றால் 112. வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கேமராவில் பதிவான காட்சியை மருத்துவருக்குக் காட்டினால், எப்படி விழுந்தது என்று அவருக்குப் புரியும்.

செய்து பாருங்கள்

சந்தைக்கு முந்தின நாள் வரை காத்திருக்காதீர்கள். ஒரு வாரம் முன்னதாகவே, குதிரை இல்லாமல் ஒரு ஒத்திகை. வண்டிக்குள் ஒருவரை நிற்க வைத்து, நிறுத்திய நிலையில் கேபினில் இருந்து பாருங்கள். அவர் பாதம் தெரிகிறதா? தார்ப்பாயை மூடினாலும் தெரிகிறதா? ராத்திரியில் தெரிகிறதா? பிறகு காலி வண்டியை 10 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து, கேமரா ஆடிக் கோணம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, குதிரையை ஏற்றி ஒரு குறுகிய பயணம்.

புறப்படும் அன்று காலை: லென்ஸைத் துடைத்தாச்சா? மெமரி கார்டில் இடம் இருக்கா? உதவியாளின் போனில் முழு சார்ஜ் இருக்கா? மருத்துவர் சான்று கையில் இருக்கா? வண்டி ஆர்.சி., ஓட்டுநர் உரிமம் எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் ஏத்தியாச்சா? 1962 எண்ணை இரண்டு பேர் போனிலும் சேமிச்சாச்சா?

எல்லாத்துக்கும் "ஆச்சு" என்று பதில் வந்தால் வண்டியை எடுக்கலாம். உங்கள் குதிரையால் பின்னால் இருந்து குரல் கொடுத்து "நிறுத்துங்க" என்று சொல்ல முடியாது. அது சொல்ல நினைப்பதைத் திரையில் படித்து, சரியான நேரத்தில் ஓட்டுநரிடம் சொல்ல ஒரு ஆள் முன்சீட்டில் இருக்கட்டும்.