லிஸ்பன்: கரையோரக் கதையும் நிஜமும்

சாயர்புரத்தில் வெள்ளைக்காரர் என்றால் ஜி.யு.போப்தான், சீமை என்றால் லண்டன்தான். 1842-இல் இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்திய போப் பிறந்தது கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் என்றால் இன்றும் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆனால் பஸ் ஏறித் தூத்துக்குடியில் இறங்கிக் கடற்கரைத் தெருக்கள் பக்கம் போனால் சீமையே மாறிவிடும். பெர்னாண்டோ, மோத்தா, ரோட்ரிகோ, கொரேரா என்று வாசலுக்கு வாசல் ஒரு போர்த்துக்கீசியப் பெயர். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் மதம் மாறியதிலிருந்து 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தது வரை, இந்தக் கரைக்கு ஐரோப்பா என்றால் லிஸ்பன். அந்த நகரத்தைப் பற்றி இங்கே உலவும் பேச்சில் நிஜமும் உண்டு, கைச்சரக்கும் உண்டு.

முதலில் தூத்துக்குடி மக்ரூன். “லிஸ்பன் கடையில போய்க் கேட்டாலும் இதே மக்ரூன்தான் அண்ணாச்சி தருவான்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். தர மாட்டான். நம் மக்ரூன் முட்டையின் வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்து, சீனியும் முந்திரிப் பொடியும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் காயவைத்து எடுப்பது. லிஸ்பனின் இனிப்புகளோ பெரும்பாலும் மஞ்சள் கருவை நம்பியவை. மடங்களில் வெள்ளைக் கருவைத் துணிக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளிய வைக்கவும் எடுத்துக்கொண்டார்கள், மிஞ்சிய மஞ்சள் கருவைச் சீனியோடு கிண்டி விதவிதமாகப் பலகாரம் செய்தார்கள் என்று அங்கே காரணம் சொல்கிறார்கள். ஊருக்கே அடையாளமான ‘பாஸ்டல் டி நாட்டா’ அந்த வழியில் வந்ததுதான். உள்ளங்கையில் அடங்கும் மொறுமொறு மாவுக் கிண்ணம், அதற்குள் மஞ்சள் கருவும் பாலேடும் கலந்த கூழ், மேலே அங்கங்கே கருகிய புள்ளிகள். பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடத்துக்குப் பக்கத்தில் 1837-இல் தொடங்கிய கடையில் இன்றும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். வெள்ளைக் கருவில் செய்யும் இனிப்பு அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் கொட்டை சேர்ப்பதென்றால் அவர்கள் கை முதலில் போவது பாதாமுக்கு.

போர்த்துக்கீசியருக்கு மக்ரூனில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தேரி மணலில் நிற்கும் கொல்லா மரம், அதாவது முந்திரி மரம், அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. முந்திரி அவர்களுடையது, கைப்பக்குவம் நம்முடையது. பெருமையில் பாதியைக் கடல் தாண்டிக் கொடுத்துவிட்டு ஏன் நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

மிளகாயையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்தான். அதனால் லிஸ்பன்காரர்கள் நம்மைப் போலக் காரம் தின்பார்கள் என்று எண்ண வேண்டாம். பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு, கொத்தமல்லித்தழை, இவ்வளவுதான் அன்றாடச் சமையல்.

அடுத்தது மீன். கடலோர நாடு, ஆகவே அன்றன்று பிடித்த மீனைத்தான் தின்பார்கள் என்று யாருக்கும் தோன்றும். அந்நாட்டின் தலையாய மீன் பக்கல்யாவ், அதாவது காட் மீன் கருவாடு. வேடிக்கை என்னவென்றால் அந்த மீன் போர்த்துக்கல் கடலில் கிடைக்காது. நூற்றாண்டுக் கணக்கில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலில் போய்ப் பிடித்து, உப்பில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். இப்போது பெரும்பகுதி நார்வேயிலிருந்து வருகிறது. கடையில் பலகை போல விறைத்துக் கிடக்கும் கருவாட்டை வாங்கி, ஓரிரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தே அதுதான். நம் வீடுகளில் கருவாட்டை விருந்தாளி கண்ணில் படாமல் மறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மீனுக்கென்று வருவது ஜூன் மாதம். அந்தோணியார் திருநாளையொட்டி 12-ஆம் தேதி இரவு பழைய தெருக்களெங்கும் கரி அடுப்பில் சாளை மீனை முழுசாகச் சுட்டு, ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கொடுப்பார்கள். இங்கே இன்னொரு திருத்தம். நம் பக்கத்தில் அந்தோணி இல்லாத தெரு கிடையாது, உவரி அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கிளம்பாத ஊர் கிடையாது. ஆனால் ‘பதுவை அந்தோணியார்’ என்ற பெயரை வைத்து அவரை இத்தாலிக்காரர் ஆக்கிவிட்டோம். அவர் 1195 வாக்கில் பிறந்தது லிஸ்பனில். ஞானஸ்நானப் பெயர் பெர்னாண்டோ. இத்தாலியின் பதுவைக்கு அருகே 1231-இல் இறந்தார். லிஸ்பனின் காவலர் என்று முறைப்படி இருப்பவர் புனித வின்சென்ட். ஆனாலும் நகரத்துக்கு விடுமுறை விடுவது அந்தோணியார் நாளான ஜூன் 13-இல்தான்.

சவேரியார் கதை இதற்கு நேர்மாறு. அவரைப் போர்த்துக்கீசியர் என்கிறோம். அவர் ஸ்பெயினை ஒட்டிய நவார் நாட்டவர். 1541-இல் லிஸ்பனில் கப்பல் ஏறி, ஓராண்டுக்கு மேல் பயணத்தில் கழித்து, 1542-இல் கோவா வந்து, அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்தார். அச்சுக் கதையிலும் லிஸ்பன் உண்டு. தமிழ் முதலில் அச்சேறிய ஊர் கொல்லம் என்பது பாதி உண்மை. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வந்தது. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1554-இல், தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஜெப நூல் லிஸ்பனில் வெளிவந்துவிட்டது.

வெயில், ஒயின், ஆலிவ் எல்லாம் இருப்பதால் லிஸ்பன் மத்தியதரைக்கடல் ஊர் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. போர்த்துக்கல்லுக்கு மத்தியதரைக்கடலில் ஓரடி கரை கிடையாது. லிஸ்பன், ஸ்பெயினில் பிறந்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவரும் தேஜோ ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் முகத்துவாரத்தில், வடகரையில் இருக்கிறது. தாமிரபரணி முடியும் இடத்தில் புன்னைக்காயல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த ஒப்புமை அதோடு சரி, லிஸ்பன் முழுக்க மேடு. ஏழு குன்றுகளின் மேல் ஏறி இறங்கும் ஊர், மஞ்சள் நிற டிராம் வண்டி முனகிக்கொண்டே ஏறும். தூத்துக்குடியில் நமக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம் ஒன்றுதான்.

ஐரோப்பா என்றாலே பனி கொட்டும் என்பதும் இங்கே செல்லாது. 2006 ஜனவரியில் லிஸ்பனில் பனி விழுந்தபோது 52 ஆண்டுகளுக்குப் பிறகு விழுந்தது என்று ஊரே தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. தூத்துக்குடி பனிமய மாதாவின் பனிக்கும் லிஸ்பனுக்கும் சம்பந்தமில்லை. அது ரோமாபுரியின் எஸ்குலின் குன்றில் ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்ததாகச் சொல்லும் பழங்கதை. நம் திருவிழாவும் அதனால்தான் ஆகஸ்ட் 5.

சுனாமி ஆசியாவின் சாபம் என்பவர்கள் லிஸ்பனின் 1755 நவம்பர் 1-ஐப் படிக்க வேண்டும். சகல புனிதர் திருநாள், கோயில்கள் நிறைந்த காலை நேரம். பூமி அதிர்ந்தது. எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகள் சாய்ந்து தீ பிடித்தது. தப்பித்தவர்கள் கட்டடமில்லாத வெளி என்று ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்தது, பிறகு அலை வந்தது. 2004-இல் இலங்கை குறுக்கே நின்றதால் தூத்துக்குடி பெரும்பாலும் தப்பியது. லிஸ்பனுக்கு முன்னால் அப்படி ஒரு தீவு இல்லை. பின்னர் பொம்பால் பிரபு தலைமையில் நகரின் நடுப்பகுதியை நேர்கோட்டுத் தெருக்களாகக் கட்டினார்கள். சுவருக்குள்ளே மரச்சட்டத்தால் ஒரு கூண்டு, ஆட்டம் வந்தால் வளைந்து கொடுக்கும். மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களைக் காலை உதைத்து நடக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்வார்கள்.

கால்பந்தில் பையன்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. ரொனால்டோ லிஸ்பன்காரர் இல்லை, மதெய்ரா தீவின் ஃபுன்ஷாலில் பிறந்தவர். 12 வயதில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் சங்கத்துக்கு வந்து வளர்ந்தார். அதே ஊரின் எதிர் அணியான பென்ஃபிகாவின் தெய்வம் யூசேபியோவும் மொசாம்பிக்கில் பிறந்தவர், 1966 உலகக் கோப்பையில் 9 கோல்.

காளை விளையாட்டில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஸ்பெயினைப் போலப் போர்த்துக்கல்லிலும் அரங்கில் காளையைக் குத்திக் கொல்வார்கள் என்கிறார்கள். அங்கே அரங்கில் கொல்வது 1928-இலேயே தடையானது. பாரங்கோஸ் என்ற எல்லை ஊருக்கு மட்டும் 2002-இல் விலக்கு. காளை தப்பிவிடுகிறது என்று மகிழவும் வேண்டாம், பெரும்பாலும் பிறகு கண்மறைவில் கொல்லப்படுகிறது. லிஸ்பனில் இதற்கென்றே 1892-இல் கட்டிய செங்கல் அரங்கம் கம்ப்போ பெக்கேனோ. குதிரை வீரர் ஈட்டி செருகி முடித்த பிறகு எட்டுப் பேர் வெறுங்கையோடு வரிசையாக இறங்குவார்கள். முன்னால் நிற்பவர் தலையில் பச்சைக் குல்லாய், இடுப்பில் கை. காளையைக் கூப்பிட்டு, அது பாய்ந்து வரும்போது இரு கொம்புக்கும் நடுவில் விழுந்து தலையைக் கட்டிக்கொள்வார். மற்றவர்கள் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். அந்தக் காளைக்குப் பிடிக்கத் திமில் கிடையாது. காளை நின்றதும் எல்லோரும் விலகிவிட, எட்டாவது ஆள் மட்டும் வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார். அவர் வேலையே அதுதான். அலங்காநல்லூரில் வாலைத் தொட்டால் களத்தை விட்டு வெளியேற்றிவிடுவார்கள்.