கணினியில் விலைப்பட்டியல் – கவனமாகச் செய்வது எப்படி?

(மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை)



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் முதலில் போய் உட்காரப் போவது ஏதோ ஒரு கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் முன்னால்தான். அங்கே முதலாளி முதலில் சொல்வது, "தம்பி, இந்த விலையை எல்லாம் மாத்திடு" என்பதாகத்தான் இருக்கும். எளிய வேலைதானே என்று நானும் நினைத்தேன். அது எளிய வேலை இல்லை என்று எனக்குப் புரிந்த கதையையும், அதில் நான் படித்த பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. பர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் விரிதாள் மென்பொருள் விசிகால்க். அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் 1979-ல் உருவாக்கியது. 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. எக்செல் 1985-ல் மெக்கின்டாஷுக்கும், 1987-ல் விண்டோஸுக்கும் வந்தது. இன்று ஒரு எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிகள் உண்டு. நம் ஊர்க் கடைச் சரக்கு முழுவதையும் எழுதினாலும் அதில் ஒரு மூலைகூட நிறையாது!

டேலி போன்ற கணக்கு மென்பொருள்களில் விலைப்பட்டியலுக்கென்றே இடம் உண்டு. சில்லறை, மொத்தம் என்று தனித்தனி விலை வைக்கலாம். எந்தத் தேதி முதல் இந்த விலை என்றும் கொடுக்கலாம். பழைய விலை அழியாது. பழைய தேதியில் பில் போட்டால் பழைய விலையே வரும். ஆனால் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு ஒவ்வொன்றாக உள்ளே போய் மாற்றினால் பொழுது போதாது. அதனால்தான் பட்டியலை எக்செலுக்கு எடுத்து, அங்கே திருத்தி, மறுபடி உள்ளே ஏற்றுகிறோம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இனி என் கதை. என் அப்பா ஒரு ஹார்டுவேர் கடையில் சுமை தூக்குகிறார். அவருக்கு எண்கள் மட்டும் வாசிக்கத் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். "எம் மவன் கம்ப்யூட்டர் படிக்கான் அண்ணாச்சி" என்று அப்பா சொல்லித்தான், சாயங்கால வேலைக்கு முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

வால்வு, டேப் இருந்த ஷீட்டில் 46 வரிகள். பெயர், அளவு, அலகு என்று மூன்று பத்திகள், பிறகு ஒரு காலிப் பத்தி, அதற்கப்புறம் விலை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அந்தக் காலிப் பத்தியை விட்டவன் நான்தான். பெயரை அகர வரிசைப்படுத்தினேன். காலிப் பத்தி வந்தால் எக்செல் அதோடு அட்டவணை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். பெயர்கள் எல்லாம் இடம் மாறின. விலைகள் நின்ற இடத்திலேயே நின்றன. எச்சரிக்கைகூட வரவில்லை. நானும் சேமித்து, உள்ளே ஏற்றிவிட்டேன்.

அன்று வெளியூர் பிளம்பர் ஒருவருக்கு 32 அயிட்டம் பில். அதில் 202 ரூபாய் பால் வால்வு பத்து, ஒன்று 18 ரூபாய் என்று போயிருந்தது. நான் கவனிக்கவில்லை. கடை சாத்தும்போது பில் நகலைப் பார்த்த அப்பாதான் கேட்டார்: "ஏலே, பத்துக்கு நேரா 18 போட்டிருக்கே, இது என்னலே சாமான்? இன்னிக்குப் பத்து உருப்படின்னு நான் எடுத்துக் குடுத்தது பால் வால்வு மட்டுந்தான!"

நஷ்டம் 1,840 ரூபாய். முதலாளி திட்டவில்லை. அப்பாதான், "எங் கூலில பிடிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றார். நாலு வாரம், வாரத்துக்கு 460 ரூபாய் குறைந்தது. அந்த நாலு சனிக்கிழமையும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதிகள் இவை:

1. அட்டவணைக்கு நடுவில் காலிப் பத்தியோ காலி வரியோ விடாதீர்கள். வேலை தொடங்குமுன் அசல் ஃபைலை வேறு பெயரில், தேதி போட்டு, தனியாக வையுங்கள்.

2. அளவுப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 3/4 இன்ச் என்பதற்காக 3/4 என்று அடித்தால், எக்செல் அதை ஏப்ரல் 3 ஆக்கிவிடும்! பிறகு டெக்ஸ்ட் ஆக்கினாலும் 3/4 திரும்பி வராது. ஏதோ ஒரு ஐந்திலக்க எண்தான் நிற்கும்.

3. கம்பெனி அனுப்பும் புது விலையை வி-லுக்அப் கொண்டு எடுக்கும்போது, கடைசியில் 'ஃபால்ஸ்' கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால், சரியான பெயர் இல்லாதபோதும் வேறொன்றின் விலையைக் கொண்டு வந்து வைத்துவிடும். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பொருந்தாது. 'ட்ரிம்' போட்டு நீக்குங்கள்.

4. "நூத்துக்கு 25 நிக்கணும்" என்று முதலாளி சொன்னால், எதன் மேல் 25 என்று கேளுங்கள். 100 ரூபாய் கொள்முதலில் 25 கூட்டினால் 125; விற்பனையில் பார்த்தால் லாபம் 20 சதவீதம்தான். விற்பனையில் 25 சதவீதம் நிற்க வேண்டுமானால் 100-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 133.33 ரூபாய்.

5. வரி விகிதத்தைச் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள். தனிப் பத்தியில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அப்படி மாறும்போது அந்தப் பத்தியை மட்டும் திருத்தினால் போதும்.

6. எல்லாவற்றிலும் முக்கியம் இது. பழைய விலைக்குப் பக்கத்தில் புது விலையை வைத்து, எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று ஒரு பத்தி போடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் ஏறியதையும் இறங்கியதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 202 ரூபாய் 18 ஆனது அந்தப் பத்தியில் 91 சதவீத இறக்கம் என்று கத்தியிருக்கும். நான் அந்தப் பத்தியைப் போடவில்லை.

ஏழாவதாக ஒன்று உண்டு. அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஏற்றுவதற்கு முன் சரக்கு தெரிந்த ஒருவரிடம் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். நான் இப்போது அப்பாவிடம் வாசிக்கிறேன். அவர் திண்ணையில் படுத்தபடி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வருவார். தப்பான இடத்தில் "ம்" நிற்கும். உடனே நான் திரும்பிப் போய் அந்த வரியைப் பார்ப்பேன்.

போன மாதம் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டும் என் தப்புத்தான்.