எந்தக் கடை விட்டுப்போனது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. 

நீ அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கிய 300 சொச்சம் கடைகளுக்கும் கடைக்கு ஒரு டேட்டாபேஸ், எல்லாம் ஒரே எஸ்கியூஎல் சர்வரில். வரும் திங்கட்கிழமை, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதம் மாறுகிறது. ஞாயிறு ராத்திரி அத்தனையிலும் ஒரே அப்டேட்டை ஓட்டச் சொல்லி உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "லூப் எழுதிட்டேன் மாமா, சரியா பாருங்க" என்றாய். லூப் சரியாகத்தான் இருக்கிறது. என் கவலை அது ஓடி முடிந்த பிறகு வருவது. திரையில் "கமாண்ட்ஸ் கம்ப்ளீட்டட் சக்ஸஸ்ஃபுலி" என்று வந்து நிற்கும். அந்த நேரத்தில் உன் மேனேஜர் வந்து, எந்தக் கடை மாறியது, எது விட்டுப்போனது என்று கேட்டால் உன்னிடம் பதில் இருக்கிறதா? இப்போதைய ஸ்கிரிப்டில் இல்லை.

அதற்கு முன் அந்த அப்டேட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்று வரி எழுதியிருக்கிறாய். 28 இருந்தால் 18 ஆக்கு. 12 இருந்தால் 5 ஆக்கு. சோப்பு, ஷாம்பூவை யாரோ ஞாபகப்படுத்தியதும் கடைசியாகச் சேர்த்தது: 18 இருந்தால் 5 ஆக்கு. இதை ஒரு ஏசியை வைத்துக் கையால் ஓட்டிப் பார். முதல் வரியில் 28 போய் 18 வரும். மூன்றாம் வரியில் அந்த 18-உம் போய் 5 வரும். சிமென்ட்டுக்கும் அதே கதி. 18-லேயே நீடிக்க வேண்டிய மொபைல் போனும் கூடவே இறங்கிவிடும். எங்கேயும் சிவப்பு எழுத்து வராது. ஒரு கடையில் நடந்தால் தவறு என்று விட்டுவிடலாம். 300 கடையில் ஒரே நிமிடத்தில் நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

பழைய விகிதத்தை மட்டும் வைத்துப் புதிய விகிதத்தைக் கண்டுபிடிக்க முடியாது, மாப்ளே. ரெடிமேட் துணியைப் பார். இதுவரை 1,000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12. இனி 2,500 வரை 5, அதற்கு மேல் 18. அப்படியானால் 12-இல் இருந்த 1,800 ரூபாய் சட்டை 5-க்கு இறங்குகிறது. அதே 12-இல் இருந்த 3,200 ரூபாய் சட்டை 18-க்கு ஏறுகிறது. இரண்டுக்கும் எச்எஸ்என் என்ற பொருள் குறியீட்டு எண் ஒன்றுதான். பான் மசாலாவும் சிகரெட்டும் இப்போதைக்குப் பழைய 28-லேயே செஸ்ஸோடு நிற்கின்றன. எச்எஸ்என் 4820-இல் வரும் மாணவர் நோட்டுப் புத்தகத்துக்கு வரியே கிடையாது என்றாகிவிட்டது. அதே 4820-இல் வரும் கணக்குப் பதிவேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, நிபந்தனையை உன் கியூவரிக்குள் எழுதாதே. தனி டேட்டாபேஸ் ஒன்றில் ஒரு டேபிள் போடு: எச்எஸ்என், விலை எதிலிருந்து எதுவரை, பழைய விகிதம், புதிய விகிதம். 17-ஆம் தேதி வந்த அறிவிக்கையை வைத்து உங்கள் ஆடிட்டர் அதை வரிவரியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இது வேண்டும், அது வேண்டாம் என்று தீர்மானிப்பது உன் வேலையே இல்லை. 4820 போல எண்ணை வைத்துப் பிரிக்க முடியாதவற்றைத் தொடாமல் விட்டு, பட்டியலாகக் கடைக்காரருக்கு அனுப்பிவிடு. உன் அப்டேட் அந்த டேபிளோடு ஜாயின் செய்து, ஒரே வாக்கியத்தில் முடியட்டும். ஜாயினில் பழைய விகிதமும் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டாம் தடவை தவறுதலாக ஓடினாலும் ஒரு வரியையும் தொடாது. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பலன் தரும் கியூவரி கையில் இருந்தால் நடுராத்திரியில் கை நடுங்காது.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். விகிதத்தை மேலெழுதுவதே எனக்குப் பிடிக்காத காரியம். அமலுக்கு வரும் தேதியோடு டேபிளில் புதிய வரி (row) ஒன்றைச் சேர்த்து, பில் தேதியைப் பார்த்து விகிதம் எடுப்பதுதான் முறை. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக் கடையில் 11:59-க்கு 12 சதவீதம், 12:01-க்கு 5 சதவீதம். அதை எந்த லூப்பும் அந்த வினாடியில் செய்துதராது. ஆனால் அந்த மாற்றம் ஞாயிற்றுக்குள் ஆகிற வேலை இல்லை. இப்போதைக்கு ஒன்றை மட்டும் உறுதிசெய்: ஆகஸ்டில் போட்ட பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் விகிதம் பில் டேபிளிலிருந்து வருகிறதா, ஐட்டம் மாஸ்டரிலிருந்து வருகிறதா? மாஸ்டரிலிருந்து வருகிறது என்றால் ஞாயிறு வேலையை நிறுத்திவிட்டு உன் டெவலப்பரைப் போய் உலுக்கு.

இனி, எந்தெந்த டேட்டாபேஸில் ஓட்டுவது என்ற பட்டியல். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. சிஸ் டேட்டாபேசஸில் ஐடி 4-க்கு மேல் என்று எடுத்திருக்கிறாய். மாஸ்டர், டெம்ப்டிபி, மாடல், எம்எஸ்டிபி நான்கும் கழிந்துவிடும், சரி. ரிப்போர்ட் சர்வரின் டேட்டாபேஸ் இருந்தால் அது கழியாது. கடைக்காரருக்குப் பயிற்சி கொடுக்கப் போட்ட காப்பி கழியாது. யாரோ 2022-இல் "பழசு" என்று பெயர் ஒட்டி ரிஸ்டோர் செய்து மறந்துபோனதும் கழியாது. ஐட்டம் டேபிள் உள்ளே இருக்கிறதா என்று ஆப்ஜெக்ட் ஐடி கேட்டு வடிகட்டு. ஆன்லைனில் இருக்கிறதா, ரீட் ஒன்லியா என்பதையும் பார். ஆனால் வடிகட்டி விழுந்ததைத் தூக்கிப் போடாதே. ஏன் விழுந்தது என்ற காரணத்தோடு அதே பட்டியலில் எழுதி வை. ஆஃப்லைன் என்று நீ ஒதுக்கிய டேட்டாபேஸ் புதன்கிழமை ஆன்லைனுக்கு வரும். கடைக்காரர் பழைய வரியில் பில் போடுவார்.

அதோடு, சர்வரில் இருப்பதை மட்டும் எண்ணினால் போதாது. லைசென்ஸ் கணக்கு உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும். அந்தக் கடைப் பட்டியலையும் சர்வர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து இருபுறமும் ஒப்பிட்டுப் பார். பணம் கட்டும் கடை ஆனால் சர்வரில் டேட்டாபேஸ் இல்லை, டேட்டாபேஸ் இருக்கிறது ஆனால் யாருடையது என்று தெரியவில்லை: இரண்டு ரகமும் கட்டாயம் கிடைக்கும். இந்த ஒப்பீட்டை வெள்ளிக்கிழமையே செய். ஞாயிறு ராத்திரி எந்தக் கடைக்காரரும் போன் எடுக்கமாட்டார்.

"எம்எஸ் ஃபார் ஈச் டிபி" என்ற ரெடிமேட் ப்ரொசீஜர் இருக்கும்போது ஏன் சொந்தமாக லூப் என்று உன் சீனியர் கேட்டதாகச் சொன்னாய். மரியாதையாகச் சிரித்துவிட்டு உன் லூப்பையே வைத்துக்கொள். மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் எழுதாத சரக்கு அது. சில சமயம் சில டேட்டாபேஸைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் பல வருடமாகத் தெரிந்த குறை. நாம் பயப்படுவது எதற்கோ அதையே செய்யும் கருவி நமக்கு எதற்கு? கேள்விக்குறி வரும் இடமெல்லாம் டேட்டாபேஸ் பெயரைப் போட்டு நிரப்பும். உன் கியூவரியில் மேற்கோளுக்குள் இருக்கும் கேள்விக்குறியையும் விடாது. உன் முறையே நல்லது: முதலில் பட்டியலை ஒரு டேபிளில் பதித்துவிட்டு, அந்த டேபிளின் மேல் நடப்பது. பெயரைச் சேர்க்கும் இடத்தில் மட்டும் குவோட்நேம் போடு. கடைப் பெயரில் நடுவே கோடு போட்டும் எண்ணில் தொடங்கியும் டேட்டாபேஸ் உருவாக்கி வைத்திருப்பார்கள். அப்புறம் யூஸ் போட்டு மாறுவதற்குப் பதில் அந்தந்த டேட்டாபேஸின் எஸ்பி எக்ஸிக்யூட் எஸ்கியூஎல்-ஐப் பெயரோடு கூப்பிடு. கியூவரி அந்த டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும்.

300-ஐயும் ஒரே டிரான்சாக்ஷனில் கட்டலாமா என்று கேட்டாய். ஒரே இன்ஸ்டன்ஸ் என்பதால் கட்ட முடியும், கட்டாதே. ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் சம்பந்தமில்லை. 290-ஆவது கடையில் ஒரு காலம் (column) இல்லை என்று விழுந்தால் முன்னால் முடிந்த 289-உம் திரும்பிப் போக வேண்டுமா? அதுவரை அத்தனை கடையின் ஐட்டம் டேபிளிலும் லாக் பிடித்து வைத்திருப்பாய். கடைக்கு ஒரு டிரான்சாக்ஷன், எக்ஸ்ஆக்ட் அபார்ட் ஆன், சுற்றிலும் டிரை கேட்ச். கேட்சில் விழுந்தால் ரோல்பேக் செய்து, எரர் எண்ணையும் செய்தியையும் பட்டியலில் அந்தக் கடையின் வரியிலேயே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ.

லாக் டைம்அவுட் நீ போடவில்லை. போடாவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும். எங்கோ ஒரு ஹோட்டலில் கேஷியர் எடிட் ஸ்கிரீனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். அவர் வரும்வரை மிச்சமுள்ள கடைகளெல்லாம் வரிசையில் நிற்கும். 10 விநாடி வை. 1222 என்று எரர் வரும், பதிவாகும், அந்தக் கடையைக் கடைசியில் மறுபடி ஓட்டலாம்.

இன்னொரு எரரும் நிச்சயம் வரும்: 468, கொலேஷன் மோதல். கடைக்காரரின் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவந்து உங்கள் சர்வரில் அட்டாச் செய்த டேட்டாபேஸ்கள் வேறு கொலேஷனில் இருக்கும். உன் விகித டேபிளின் எச்எஸ்என்னோடு ஜாயின் செய்யும் இடத்தில் முட்டும். கொலேட் டேட்டாபேஸ் டிஃபால்ட் என்று அங்கே சேர்த்துவிடு.

எரர் கொடுத்து விழும் டேட்டாபேஸ் நல்ல பிள்ளை. தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நீ தேட வேண்டியது எரர் இல்லாமல், பூஜ்ஜியம் வரி மாறி முடிந்ததை. அப்டேட் முடிந்த அடுத்த வாக்கியத்திலேயே ரோகவுண்ட்டை எடுத்துப் பதிந்துகொள். நடுவில் வேறு எதையாவது ஓட்டினால் அந்த எண் அழிந்துவிடும். பிறகு பூஜ்ஜியம் வந்த கடைகளை மட்டும் திறந்து உள்ளே போய்ப் பார். நெய், வெண்ணெய்க்கு எச்எஸ்என் 0405. பழைய வெர்ஷனில் அந்தக் காலம் எண் வகையாக இருந்து, பிறகு எழுத்து வகைக்கு மாறியிருந்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய் 405 என்று கிடக்கும். உன் ஜாயினில் மாட்டாது. நெய் 12-லேயே நிற்கும். ஏசிக்கு ஒரு கடைக்காரர் 8415 என்று நான்கு இலக்கம் போட்டிருப்பார், இன்னொருவர் எட்டு இலக்கம், மூன்றாமவர் நடுவில் ஸ்பேஸ். ரோகவுண்ட் முழுப் பூஜ்ஜியமாக இல்லாவிட்டாலும் சந்தேகப்படு: 4,000 பொருள் உள்ள மளிகைக் கடையில் 3 வரி மட்டும் மாறியிருந்தால் அதுவும் ஓடாத கடைதான். மொத்தப் பொருள் எத்தனை, மாறியது எத்தனை, எச்எஸ்என்னே இல்லாதது எத்தனை என்று மூன்று காலம் அந்தப் பட்டியலில் வை. அதை அப்டேட்டுக்கு முன்பே, வெறும் செலக்டாக எல்லா டேட்டாபேஸிலும் ஓட்டிப் பார்த்துவிடலாம். பகலில் ஓட்டினாலும் ஆபத்தில்லை. சனிக்கிழமை அதைச் செய்தால் ஞாயிறு வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

பேக்அப் எடுப்பாய், தெரியும். காப்பி ஒன்லியாக எடு, தினசரி டிஃபரன்ஷியல் குழம்பாது. ஆனால் அந்த பேக்அப்பை நம்பி இறங்காதே. திங்கள் மத்தியானம் ஒரு கடைக்கு விகிதம் தப்பு என்று தெரிந்தால், ரிஸ்டோர் செய்து காலையிலிருந்து போட்ட பில்லையெல்லாம் அழிக்கவா போகிறாய்? அப்டேட்டிலேயே அவுட்புட் போட்டு, டேட்டாபேஸ் பெயர், ஐட்டம் கோடு, பழைய விகிதம், புதிய விகிதம், நேரம் ஐந்தையும் உன் தனி டேபிளுக்குள் தள்ளு. தப்பு வந்தால் அந்தக் கடையின் அந்தப் பொருளை மட்டும் திருப்பிவிடலாம். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி மூன்றும் தனித்தனிக் காலமாக இருந்தால் மூன்றையும் பதி. மூன்றையும் சேர்த்து மாற்றவும் மறக்காதே.

உன் லேப்டாப்பில் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்து வீட்டு வைஃபையில் ஓட்டாதே. சர்வரிலேயே ஏஜென்ட் ஜாபாகப் போடு. நடுவில் கரண்ட் போனால் உன் வீட்டில் மட்டும்தான் போகும். எங்கேயாவது நின்றாலும், எது முடிந்தது என்று பட்டியலில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

புதுக் கடைக்கு டேட்டாபேஸ் போட ஒரு மாதிரி பேக்அப் வைத்திருப்பீர்களே, அதையும் மாற்று. திங்கட்கிழமை நவராத்திரி ஆரம்பம். அன்றைக்குப் புதிதாகச் சேரும் கடை பழைய விகிதத்தோடு பிறக்கக் கூடாது. அடுத்த வாரம் யாராவது வெள்ளிக்கிழமை பேக்அப்பை ரிஸ்டோர் செய்யச் சொன்னாலும் இதே சிக்கல் வரும். சப்போர்ட் பையன்களிடம் சொல்லிவை: ரிஸ்டோர் செய்தால் உடனே அந்த ஒரு டேட்டாபேஸுக்கு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டும் என்று. அதற்குத்தான் எத்தனை முறை ஓட்டினாலும் கெடாதபடி எழுதச் சொன்னேன்.

சோதனைக்கு முதலில் ஒரு கடை, பிறகு ஒரு ஐந்து, அப்புறம் மிச்சம். முதல் கடையாகப் புதிதாகச் சேர்ந்த, சுத்தமான டேட்டா உள்ள கடையை எடுக்காதே. உங்களிடம் இருப்பதிலேயே பழைய வாடிக்கையாளர் யாரோ, அவருடைய டேட்டாபேஸின் காப்பியை எடு. குப்பையெல்லாம் அங்கேதான் இருக்கும்.

மாற்றிய ஸ்கிரிப்டையும், வடிகட்டி விழுந்தவற்றின் பட்டியலையும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பு. ஞாயிறு மகாளய அமாவாசை; காலையில் பேரூர் போய்த் தர்ப்பணம் முடித்துவிட்டு வர மத்தியானம் ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்நேரமும் போன் எடுப்பேன். கூப்பிடும்போது பூஜ்ஜியம் வந்த கடைகளின் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு.

அன்புடன்,
மாமா